ஐரோப்பிய எம்.பி. என்னதான் செய்கிறார்? காலநிலை, எரிசக்தி, அகதித் தஞ்சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஏதாவது பெரிய வாக்கெடுப்பு நடந்தால், அன்று மாலையே தெரிந்தவர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் போன தடவை கேட்ட அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் எளிது, ஏனென்றால் கீழே உள்ள பதில்கள் மேலே சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

எம்.பி. எம்.பி. என்கிறீர்களே, எந்த எம்.பி.? பாரிஸில் இருப்பவரா, பிரஸ்ஸல்ஸில் இருப்பவரா?

இங்கே பேசுவது ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றி. பிரான்ஸின் தேசிய சட்டமன்றம், ஜெர்மனியின் புண்டஸ்டாக் எல்லாம் வேறு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாட்டு மக்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 ஜூனில் 720 பேர் தேர்வானார்கள். ஜெர்மனிக்கு 96 இடம். மால்டா, சைப்ரஸ், லக்ஸம்பர்க் மூன்றுக்கும் தலா 6. கமிட்டி வேலைகள் பிரஸ்ஸல்ஸில், மாதாந்திரப் பெரிய அமர்வு ஸ்ட்ராஸ்பூர்கில்.

சபையில் இவர்கள் நாடு வாரியாக உட்காருவதில்லை, அரசியல் குழு வாரியாக உட்காருவார்கள். மைய வலதுசாரியான ஐரோப்பிய மக்கள் கட்சி, சோசலிஸ்டுகள், தாராளவாதிகளின் 'ரினியூ', பசுமைக் கட்சியினர், இடதுசாரிகள், பழமைவாதிகள், அவர்களுக்கும் வலப்பக்கம் இருப்பவர்கள் என்று போகும். கீழே வரும் கதைகளுக்கு இந்த வரிசை நினைவில் இருந்தால் போதும்.

அவர் நினைத்தால் ஒரு சட்டம் கொண்டுவர முடியுமா?

முடியாது. இந்தியாவில் ஒரு சாதாரண எம்.பி.கூடத் தனிநபர் மசோதா கொண்டுவரலாம்; அது நிறைவேறாது என்பது வேறு விஷயம். ஐரோப்பிய எம்.பி.க்கு அந்த வசதியும் இல்லை. சட்ட வரைவை முன்வைக்கும் உரிமை கிட்டத்தட்ட முழுக்க ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் கையில். 'இப்படி ஒரு வரைவு கொண்டு வாருங்கள்' என்று நாடாளுமன்றம் கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் வந்த வரைவை வெட்டவும் ஒட்டவும் தூக்கி எறியவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதே அதிகாரம் 27 நாட்டு அமைச்சர்கள் உட்காரும் கவுன்சிலுக்கும் உண்டு. இரண்டு பேரும் ஒரே வாசகத்துக்கு ஒத்துக்கொண்டால்தான் சட்டம். காலநிலை, எரிசக்தி, தஞ்சம் மூன்றிலும் பெரும்பாலான சட்டங்களுக்கு இதுதான் வழி.

அப்படியென்றால் நிஜ வேலை எங்கே நடக்கிறது?

கமிட்டியில். காலநிலை என்றால் சுற்றுச்சூழல் கமிட்டி, எரிசக்தி என்றால் தொழில்துறைக் கமிட்டி, தஞ்சம் என்றால் குடியுரிமைகள் மற்றும் உள்துறைக் கமிட்டி. ஒவ்வொரு வரைவுக்கும் ஒருவரை 'ராப்போர்ட்டர்' என்று நியமிப்பார்கள். சபையின் நிலைப்பாட்டை எழுதுவதும், பிறகு கவுன்சிலோடு பேரம் பேசுவதும் அவர் பொறுப்பு. மற்ற அரசியல் குழுக்கள் ஆளுக்கொரு 'நிழல் ராப்போர்ட்டரை' நிறுத்தும்.

உங்கள் எம்.பி. எதில் கெட்டிக்காரர் என்று அறிய நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எந்த வரைவுக்கு ராப்போர்ட்டர், எதற்கு நிழல். ஜெர்மனியின் பீட்டர் லீசே உமிழ்வு வணிகச் சட்டத்துக்கு ராப்போர்ட்டராக இருந்தார். அடிப்படையில் அவர் மருத்துவர். நெதர்லாந்தின் பாஸ் ஐக்ஹௌட் 2009 முதல் சபையில் இருப்பவர், லாரிகளின் கரியமில உமிழ்வுச் சட்டத்தை இரண்டு முறை எழுதினார். தஞ்ச நடைமுறைச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் ஃபாபியென் கெல்லர், முன்பு ஸ்ட்ராஸ்பூர்க் மேயர். இவர்கள் யாரும் தொலைக்காட்சியில் அதிகம் தெரிய மாட்டார்கள்.

ஒரு சட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் திருத்தம் போடுகிறார்களே, அதை யார் படிப்பது?

உதவியாளர்கள் படிப்பார்கள். அப்புறம் ஆர்வமுள்ள நாமும் படிக்கலாம், அத்தனை கடினமில்லை. திருத்தத் தாளில் இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் ஆணையத்தின் மூல வாசகம், வலப்பக்கம் உறுப்பினர் கேட்கும் வாசகம். மாறிய சொற்கள் மட்டும் தடித்த சாய்வெழுத்தில். மேலே திருத்தம் கொடுத்தவர்களின் பெயர்.

கண் போக வேண்டிய இடம் முன்னுரை வாக்கியங்கள் அல்ல. ஆண்டு எண், சதவீதம், விலக்குப் பட்டியல், இந்த மூன்றும்தான். பக்கம் பக்கமாகப் பூமியைக் காப்பது பற்றி எழுதியிருப்பார்கள். கீழே ஒரு வரியில் கெடுவை இரண்டு ஆண்டு தள்ளியிருப்பார்கள். தொழிற்சாலைக்கு அந்த ஒரு வரிதான் காசு.

எங்கள் எம்.பி. காலநிலைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தாராம். பசுமைக் கட்சிக்காரர் இப்படிச் செய்யலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கோபத்தோடு வருவதும் இதுதான். 2022 ஜூன் 8-ஐப் பார்த்தால் விளங்கும். அன்று உமிழ்வு வணிகச் சட்டத் திருத்தம் ஸ்ட்ராஸ்பூர்க் சபைக்கு வந்தது. மின் நிலையங்களும் உருக்கு, சிமெண்ட் ஆலைகளும் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பது இந்த முறை. ஆனால் ஆலைகளுக்குப் பல உரிமங்கள் இலவசமாகவே கிடைத்து வந்தன. அந்த இலவசத்தை எந்த ஆண்டில் நிறுத்துவது என்பதில்தான் சண்டை. 2034 வரை நீட்டும் திருத்தம் மைய வலதும் அதற்கு அப்பால் இருந்தவர்களும் சேர்ந்து வாக்களித்ததில் நிறைவேறிவிட்டது.

உடனே சோசலிஸ்டுகளும் பசுமைக் கட்சியினரும் 'இந்த நீர்த்துப்போன வாசகம் எங்களுக்கு வேண்டாம்' என்று மொத்தச் சட்டத்தையும் எதிர்த்தார்கள். திருத்தத்துக்குக் கை கொடுத்த பழமைவாதிகளும் தீவிர வலதுசாரிகளும் இறுதி வாக்கில் எதிர்த்தார்கள். அவர்களுக்குச் சட்டமே பிடிக்காது. முடிவு: ஆதரவு 265, எதிர்ப்பு 340, நடுநிலை 34. சட்டம் கமிட்டிக்கே திரும்பிப் போனது. அந்த 340 பேரில் 'இது போதாது' என்றவரும் 'இதுவே அதிகம்' என்றவரும் ஒரே பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 22 அன்று, 2032 என்று சமரசமாகி 439 வாக்கில் நிறைவேறியது. சரி, கதை முடிந்ததா? இல்லை. கவுன்சிலோடு பேசி முடித்தபோது இறுதிச் சட்டத்தில் வந்த ஆண்டு மறுபடி 2034! 2023 ஏப்ரல் 18 அன்று அதற்கு 413 பேர் ஆதரவு, 167 பேர் எதிர்ப்பு. ஒரு வருடம் முன்னால் 2034 கூடாது என்று சட்டத்தையே கவிழ்த்த சோசலிஸ்டுகளும் இப்போது ஆதரித்தார்கள். அது சந்தர்ப்பவாதம் என்று நான் நினைக்கவில்லை. 2030-க்குள் இந்த முறைக்குள் வரும் துறைகளின் உமிழ்வை 2005-ஐவிட 62 சதவீதம் குறைக்கும் கட்டாயம் அந்தச் சட்டத்தில் இருந்தது. ஆனால் 'எதிர்த்தார்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். என்ன காரணம் சொன்னார், அதற்கு முந்தைய திருத்தங்களில் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அகதிச் சட்டத்திலும் அதே கூத்துதானா?

அதேதான், ஆனால் தொகுப்பாக. 2020 செப்டம்பரில் ஆணையம் முன்வைத்த குடியேற்ற, தஞ்ச ஒப்பந்தம் 2024 ஏப்ரல் 10 அன்று பிரஸ்ஸல்ஸ் சபையில் தனித்தனிச் சட்டங்களாக வாக்கெடுப்புக்கு வந்தது. பார்வையாளர் மாடத்திலிருந்து போராட்டக்காரர்கள் கோஷம் போட்டுக் காகித விமானங்களை வீச, அவைத்தலைவர் வாக்கெடுப்பைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டி வந்தது. தஞ்சப் பொறுப்பைப் பங்கிடும் சட்டம் 322–266 என்று தேறியது. தஞ்ச நடைமுறைச் சட்டம் 301–269, நடுநிலை 51.

உள்ளே என்ன? எல்லையில் ஏழு நாளுக்குள் ஆள் சோதனை. தஞ்சம் கிடைக்கும் விகிதம் ஒன்றியம் முழுவதும் 20 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும் நாட்டவர்களுக்கு எல்லையிலேயே 12 வாரத்துக்குள் விசாரணை. கைரேகை எடுக்கும் வயது 14-லிருந்து 6-க்கு. ஆட்களை ஏற்க விரும்பாத நாடு ஆளுக்கு 20,000 யூரோ கொடுத்துவிடலாம். நடைமுறைக்கு வருவது 2026 நடுவில்.

'குழந்தைகளை அடைத்து வைக்கப் போகிறார்கள்' என்று பசுமைக் கட்சியினரும் இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். 'இதனால் யாரும் வருவது நிற்காது, எங்கள் மேல் ஆட்களைத் திணிக்கிறீர்கள்' என்று வலதுகோடியிலிருந்தும் எதிர்ப்பு. மேலே சொன்ன ஜூன் 8 கணக்கை அப்படியே இங்கும் போடுங்கள். ஒரு வித்தியாசம்: ஒப்பந்தத்தில் பல சட்டங்கள் இருந்ததால் ஒரே எம்.பி. சிலவற்றை ஆதரித்துச் சிலவற்றை எதிர்த்திருக்க முடியும். 'ஒப்பந்தத்தை ஆதரித்தார்' என்று சொல்பவரிடம் எந்தச் சட்டத்தை என்று கேளுங்கள்.

கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றக் கூடாது என்று இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் போட்டார்களாமே?

அப்படி ஒரு தீர்மானம் நிறைவேறவில்லை. 2019 அக்டோபர் 24 அன்று மத்தியதரைக் கடலில் தேடல், மீட்புப் பணிக்கு ஆதரவான தீர்மானம் ஒன்று 288–290 என்று தோற்றது. நடுநிலை 36 பேர். தோற்றதும் சபையின் ஒரு பக்கத்தில் கைதட்டினார்கள். அந்தக் காட்சிதான் பலர் மனதில் நின்றுவிட்டது.

ஆனால் அது நிறைவேறியிருந்தாலும் யாரையும் கட்டுப்படுத்தாது. தீர்மானம் என்பது சபையின் கருத்து மட்டுமே. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 28 அன்று, இதே சபை 429–225 என்று 'காலநிலை அவசரநிலை' அறிவித்தது. அதனால் மட்டும் ஓர் ஆலையும் மூடப்படவில்லை. தீர்மான வாக்கு ஒருவரின் மனதைக் காட்டும். சட்ட வாக்கு நாளை உங்கள் மின் கட்டணத்தில் தெரியும்.

கட்சிக் கொறடா சொல்லை மீறினால் பதவி போய்விடுமா?

போகாது. இந்தியாவில் உள்ள கட்சித்தாவல் தடைச் சட்டம் மாதிரி அங்கே எதுவும் இல்லை. குழுத் தலைமை முறைக்கும், நல்ல ராப்போர்ட்டர் வாய்ப்பு கைநழுவலாம், அடுத்த தேர்தல் பட்டியலில் பெயர் கீழே போகலாம். பதவியைப் பறிக்க முடியாது.

இயற்கை மீட்புச் சட்டத்தில் இது நன்றாகத் தெரிந்தது. மக்கள் கட்சித் தலைவர் மான்ஃப்ரெட் வேபர் அதை முழுமையாக நிராகரிக்கச் சொன்னார். 2023 ஜூலை 12 அன்று நிராகரிப்புக்கு 312, எதிராக 324. அவர் குழுவிலேயே சிலர் மாறி வாக்களித்ததும் இதில் சேர்த்தி. அப்புறம் கவுன்சிலில் இன்னொரு வேடிக்கை: 2024 ஜூன் 17 அன்று ஆஸ்திரிய அமைச்சர் லெயோனோரே கெவெஸ்லர் தன் நாட்டுப் பிரதமரின் விருப்பத்தை மீறி ஆதரவு கொடுக்க, அதனால்தான் தேவையான பெரும்பான்மை கிடைத்துச் சட்டம் பிழைத்தது.

எரிவாயுவும் அணுமின்சாரமும் 'பசுமை முதலீடு' என்று எப்படி ஆனது? கமிட்டி எதிர்த்ததே?

எதிர்த்தது உண்மை. 2022 ஜூனில் சுற்றுச்சூழல், பொருளாதாரக் கமிட்டிகள் சேர்ந்து 76–62 என்று ஆட்சேபம் நிறைவேற்றின. ஜூலை 6 அன்று சபையில் ஆட்சேபம் தோற்றது: ஆதரவு 278, எதிர்ப்பு 328, நடுநிலை 33.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அது புதுச் சட்டம் அல்ல, ஏற்கெனவே இருந்த சட்டத்தின் கீழ் ஆணையம் போட்ட துணை விதி. துணை விதியில் திருத்தம் போட முடியாது. முழுதாக ஏற்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். மறுக்க, வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். அன்று அது 353. ஆகவே அன்று அவைக்கு வராதவரும், நடுநிலை வகித்தவரும், பக்கத்து அறையில் காபி குடித்தவரும் விளைவில் ஆணையத்துக்கே உதவினார்கள். துணை விதி வாக்கெடுப்பில் உங்கள் எம்.பி. 'நடுநிலை' என்றால் அதை நடுநிலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யார் எப்படி வாக்களித்தார் என்று எப்படித் தெரியும்?

சட்டங்களின் இறுதி வாக்கெடுப்பு எப்போதும் பெயர் பதிவோடு நடக்கும். உறுப்பினர் பொத்தானை அழுத்துவார், அன்றைய அவைப் பதிவேட்டில் பெயர் வரும், யாரும் பார்க்கலாம். திருத்தங்கள் பல சமயம் கையுயர்த்தித்தான் முடியும், அவற்றில் பெயர் இருக்காது. ஏதாவது ஒரு குழு முன்கூட்டியே கேட்டால் திருத்தத்துக்கும் பெயர் பதிவு உண்டு. எதிராளியைச் சங்கடத்தில் மாட்டவே சில சமயம் கேட்பார்கள்.

நமக்குத் தெரியாத இடம் ஒன்றுதான்: நாடாளுமன்றமும் கவுன்சிலும் ஆணையமும் மூடிய அறையில் நடத்தும் முத்தரப்புப் பேச்சு. 2032 எப்படி 2034 ஆனது என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்கே முழுதாகத் தெரியும். என்னைக் கேட்டால் இந்த முழு ஏற்பாட்டிலும் பெரிய ஓட்டை இதுதான்.

பொத்தானை மாற்றி அழுத்திவிட்டேன் என்று சொல்லித் தப்பலாமா?

பதிவேட்டில் 'நான் இப்படி வாக்களிக்க நினைத்தேன்' என்று திருத்தலாம். முடிவு மாறாது. 2019 மார்ச் 26 அன்று பதிப்புரிமைச் சட்டத்தில், திருத்தங்களைத் தனியாக எடுத்துக்கொள்வதா என்ற வாக்கெடுப்பு 312–317 என்று தோற்றது. பிறகு பல உறுப்பினர்கள் தவறி அழுத்தியதாகத் திருத்தினார்கள். அந்தத் திருத்தங்களைக் கணக்கில் எடுத்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். ஆனால் மணி அடித்தது அடித்ததுதான்.

எங்கள் எம்.பி. நூறு கேள்வி கேட்டிருக்கிறார் என்று துண்டறிக்கை வந்தது. நல்ல வேலைக்காரர்தானே?

எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு 20 எழுத்துக் கேள்வி வரை அனுப்பலாம். உதவியாளர் எழுதிக் கொடுக்க ஒரு மாலை போதும். ஆணையமும் வழவழா கொழகொழா என்று ஒரு பதில் அனுப்பிவிடும்.

கேள்வி எப்போது பலன் தரும் என்றால், பின்னால் ஒரு பிடி இருக்கும்போது. எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரொன்டெக்ஸ் விஷயம் அப்படி. ஏஜியன் கடலில் ஆட்களைத் திருப்பி விரட்டியதில் அதன் பங்கு என்ன என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021-இல் தனி விசாரணைக் குழு அமைத்து, நெதர்லாந்தின் டினெக்கே ஸ்ட்ரிக் அறிக்கை எழுதினார். 2022 ஏப்ரலில் அமைப்பின் தலைவர் ஃபாப்ரிஸ் லெஜ்ஜெரி பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் அந்த அமைப்பின் 2020 வரவு செலவுக் கணக்குக்கு ஒப்புதல் தர நாடாளுமன்றம் மறுத்தது. சரி, லெஜ்ஜெரி இப்போது எங்கே? 2024 தேர்தலில் பிரான்ஸின் தேசியப் பேரணிக் கட்சிப் பட்டியலில் வென்று அதே சபைக்கு உறுப்பினராக வந்துவிட்டார்.

நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகும் ஒரு நாடு தடுக்க முடியுமா?

பேச்சு முடிந்து கை குலுக்கிய பிறகு தடுப்பது வழக்கமில்லை, ஆனால் நடந்திருக்கிறது. 2035 முதல் விற்கும் புதுக் கார்கள் உமிழ்வே இல்லாதவையாக இருக்க வேண்டும் என்பதை 2023 பிப்ரவரி 14 அன்று நாடாளுமன்றம் 340–279 என்று ஏற்றது. கவுன்சிலின் சம்பிரதாயக் கையெழுத்துக்கு முன் ஜெர்மனி முரண்டு பிடித்து, செயற்கை எரிபொருள் கார்களுக்கு வழிவிடும் வாக்குறுதியை ஆணையத்திடம் வாங்கியது. மார்ச் 28-இல்தான் சட்டமானது.

கார்பன் எல்லை வரி என்கிறார்களே, ஊரில் எங்கள் கம்பெனிக்கு அடி விழுமா?

வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் பொருளைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கு விலை வாங்கும் ஏற்பாடு இது. அடி விழுமா என்பது பொருளைப் பொறுத்தது. இரும்பு, உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில். போல்ட், நட், ஸ்க்ரூ ஏற்றுமதி செய்பவர்கள் உள்ளே வருவார்கள். திருப்பூர் பனியனுக்கு இந்தச் சட்டத்தில் வரி இல்லை. கட்டுவது ஐரோப்பாவில் இருக்கும் இறக்குமதியாளர், ஆனால் உமிழ்வுக் கணக்கை அவர் உங்களிடம்தான் கேட்பார். ஆண்டுக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்பவர்களுக்கு 2025-இல் விலக்கு வந்தது. 2026 தொடங்கி 2034 வரை படிப்படியாக ஏறும். மேலே பார்த்த இலவச உரிமம் எந்த வேகத்தில் குறைகிறதோ அதே வேகத்தில்.

என்ர தம்பியின்ர கேஸ் றிஜெக்ட் ஆகிவிட்டது. எம்.பி.யிடம் கடிதம் கொடுத்தால் ஏதாவது செய்வாரா?

அண்ணன் தம்பி விஷயம், நேராகவே சொல்கிறேன்: தனி ஒருவரின் தஞ்ச வழக்கில் ஐரோப்பிய எம்.பி. தலையிட முடியாது. முடிவு எடுப்பது அந்தந்த நாட்டு அலுவலகமும் நீதிமன்றமும். எம்.பி. அலுவலகம் இரக்கத்தோடு ஒரு கடிதம் எழுதித் தரலாம். நீதிபதியை அது கட்டுப்படுத்தாது. அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்து அப்பீல் கெடுவைத் தவறவிட வேண்டாம். முதலில் வக்கீல்.

ஒரே மாதிரி பல வழக்குகளில் ஒரு நாடு ஐரோப்பியச் சட்டத்தை மீறுகிறது என்று காட்ட முடிந்தால் அப்போது எம்.பி.யிடம் போங்கள். ஆணையத்திடம் கேட்க அவருக்கு அது பயன்படும். இன்னொன்று: 2025 ஏப்ரலில் ஆணையம் முன்வைத்த 'பாதுகாப்பான பிறப்பிட நாடுகள்' பட்டியலில் இந்தியாவும் வங்கதேசமும் இருந்தன, இலங்கை இல்லை. இந்தியாவையும் இலங்கையையும் குழப்பிக்கொண்டு வரும் வாட்ஸப் செய்திகளை நம்பாதீர்கள்.

நான் சூரிச்சில் இருக்கிறேன். எனக்கு யார் எம்.பி.?

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உங்களுக்கு யாருமில்லை. சுவிட்சர்லாந்து, நார்வே, பிரிட்டன் மூன்றும் ஒன்றியத்துக்கு வெளியே. ஆனால் எந்த நாடு தஞ்ச மனுவை விசாரிக்க வேண்டும் என்ற டப்ளின் ஏற்பாட்டில் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் சேர்ந்திருக்கின்றன. ஓட்டு இல்லை, விதி மட்டும் உண்டு.

குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. நான் எழுதினால் படிப்பார்களா?

ஓட்டுப் போட ஒன்றியத்தில் ஏதோ ஒரு நாட்டுக் குடியுரிமை வேண்டும். ஆனால் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுக்க ஒன்றியத்துக்குள் வசித்தாலே போதும், அதற்கென்று தனிக் கமிட்டி இருக்கிறது.

எம்.பி.க்கு எழுதுவதென்றால் நேரம் முக்கியம். இறுதி வாக்கெடுப்புக்கு முந்தின நாள் வரும் ஆயிரம் மின்னஞ்சல்களில் உங்களுடையதும் ஒன்றாகிவிடும். கமிட்டியில் திருத்தம் கொடுக்கும் கெடுவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் எழுதுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, வாசகம் எப்படி மாற வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். அனுப்ப வேண்டியவர் உங்கள் ஊர் எம்.பி. மட்டுமில்லை, அந்த வரைவின் ராப்போர்ட்டருக்கும் நிழல்களுக்கும் அனுப்புங்கள், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும்.